டாக்டர் கோ. வெங்கடசாமியும் தமிழகக் கண் மருத்துவப் பணியும்: ஒரு நோக்கு

முன்னுரை

தமிழர் வாழ்வியலில் கல்விக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு ஆழமானது. எழுத்தறிவைக் கண்ணாகவும் எழுத்தறிவின்மையைக் குருடாகவும் உருவகிப்பது நம் இலக்கிய மரபு. இவ்வுருவகத்தை வகுப்பறையில் நாள்தோறும் விளக்கும் தமிழாசிரியர்கள், ஊனக்கண்ணின் ஒளியை மீட்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழரைப் பற்றி அறிந்திருத்தல் நலம். அவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006) ஆவார்.

இவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மேலாண்மைத் துறை நூல்கள் வழியாகவே உலகிற்கு அறிமுகமாயின. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ஆம் ஆண்டு இவர்தம் மருத்துவமனையைப் பற்றிய ஆய்வுப் பாடம் ஒன்றை வெளியிட்டது. சி. கே. பிரகலாத் 2004-இல் வெளியிட்ட நூலிலும் இம்மருத்துவமனை எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. எனினும், வெங்கடசாமியின் பணியை வணிக வெற்றியாக மட்டும் காண்பது அதன் உட்பொருளை மறைத்துவிடும். ஏழைக்கு மருத்துவம் அளிக்கும்போது அவனுடைய மானத்தைக் காப்பது எவ்வாறு, வாயில் திறந்திருந்தும் உள்ளே வராதவனை என்ன செய்வது என்னும் இரு வினாக்களே அவர் பணியின் மையமாக விளங்கின. அவ்வினாக்களின் வழியே அவர்தம் வாழ்வையும் பணியையும் விளக்குவதும், அவை மலேசியத் தமிழர்க்கு எவ்வகையில் பொருந்தும் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகக் கண் மருத்துவ மரபு

வெங்கடசாமி வெற்றிடத்தில் தோன்றியவர் அல்லர். தமிழகத்தில் கண் மருத்துவத்திற்கு நீண்ட மரபு உண்டு. சித்த மருத்துவத்தில் 'நயனவிதி' என்னும் பெயரில் கண் நோய்க்கென்றே தனி நூல்கள் வழங்குகின்றன. கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்துரைப்பது அம்மரபின் வழக்கு. வடமொழியில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், புரை படிந்த விழிவில்லையை ஊசியால் ஒதுக்கிப் பார்வைப் பாதையைத் திறக்கும் முறையை விவரிக்கின்றது. இம்முறை பல நூற்றாண்டுகள் ஆசியா முழுவதும் வழக்கில் இருந்தது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் தனி ஈடுபாடு காட்டினார். அவர் காலத்துக் கண் நோயாளர் பற்றிய குறிப்புகளும் நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்திலேயே, 1819-ஆம் ஆண்டில், சென்னையில் கண் மருத்துவமனை ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையாக வளர்ந்த அதுவே ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை எனப் போற்றப்படுகின்றது. இந்தியாவின் முதல் கண் வங்கியும் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையாவின் முயற்சியால் அங்குத் தொடங்கப்பட்டதே. வெங்கடசாமி கண் மருத்துவம் பயின்றதும் இந்நிறுவனத்திலேயாகும்.

ஆயினும், இம்மரபின் பயன் நகரங்களிலேயே தங்கிவிட்டது. புரை முற்றிப் பார்வை இழந்த சிற்றூர் முதியவர் அதனை முதுமையின் இயல்பெனவோ விதியெனவோ ஏற்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டார். இந்த இடைவெளியை நிரப்பியதே வெங்கடசாமியின் தனிச்சிறப்பு.

பிறப்பும் கல்வியும்

வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். கரிசல் மண்ணில் மழையை நம்பி வாழ்ந்த ஊர் அது. எழுதுபொருள் அரிதாக இருந்த அந்நாளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகினர். திண்ணைப் பள்ளியின் மணல் எழுத்து மலேசியத் தோட்டப்புறப் பள்ளிகளின் தொடக்கக் காலத்தை நமக்கு நினைவூட்டக் கூடும்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவரானார். அவர் இளமையில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து மாண்டனர். ஊரில் மருத்துவர் எவரும் இல்லை. அத்துயரமே அவரை மருத்துவக் கல்விக்கு இட்டுச் சென்றது. ஆதலின் அவர் முதலில் விரும்பியது கண் மருத்துவத்தை அன்று. மகப்பேற்று மருத்துவத்தையே என்பது குறிப்பிடத்தக்கது.

நோயும் திசைமாற்றமும்

கல்வி முடிந்ததும் வெங்கடசாமி இந்திய இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1948-இல், முப்பது வயதில், முடக்குவாதம் அவரைக் கடுமையாகத் தாக்கியது. மூட்டுகள் வீங்கி நடக்கவோ நிற்கவோ இயலாத நிலையில் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். இராணுவப் பணி முடிவுற்றது. கைவிரல்கள் நிலையாகக் கோணிவிட்டன. நீண்ட நேரம் நின்று செய்ய வேண்டிய மகப்பேற்று மருத்துவம் இனி இயலாது என்பது தெளிவாயிற்று.

இந்நிலையில் அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களை உடைய ஒருவர் உடல் உறுப்புகளிலேயே மிக நுண்ணியதில் அறுவை செய்யத் துணிந்தது முரணாகத் தோன்றலாம். எனினும் கண் அறுவையை அமர்ந்த நிலையில் செய்யலாம். அதற்கு வலிமையினும் விரல்நுனியின் கட்டுப்பாடே முதன்மையானது. தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, பிடிக்கவும் வெட்டவும் தைக்கவும் அவர் மீண்டும் மீண்டும் பயின்றார். அவ்விரல்களைக் கொண்டே தம் வாழ்நாளில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தார்.

இச்செய்தியைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் கூறி முடித்துவிடுதல் வழக்கம். ஆயின் இதில் வேறொரு பொருளும் உண்டு. தம் உடலின் குறையறிந்து அதற்கேற்பக் கருவியையும் செயல்முறையையும் மாற்றியமைத்த அப்பழக்கமே, பின்னாளில் அவர் ஒரு மருத்துவமனையின் நடைமுறை முழுவதையும் மாற்றியமைப்பதற்கு வித்திட்டது எனலாம். அவர் தம் பணியில் மருத்துவரின் வசதியை முன்னிறுத்தவில்லை. கிடைத்த ஆற்றலைக் கொண்டு வேலையை எங்ஙனம் முடிப்பது என்பதையே எண்ணினார்.

அரசுப் பணிக் காலம்

1956-ஆம் ஆண்டு முதல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிய அரசு மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் அவர் இருபதாண்டுகள் பணியாற்றினார். அரவிந்த் மருத்துவமனையின் புகழ் இக்காலப் பணியை மறைத்துவிட்டது. உண்மையில் அவருடைய அடிப்படைக் கருத்துகள் அனைத்தும் இங்கேயே உருவாயின. அவற்றுள் நான்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 1960 முதல் நடைபெற்ற ஊர்ப்புறக் கண் சிகிச்சை முகாம்கள். நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவக் குழுவே ஊருக்குச் சென்றது. தொடக்கத்தில் பள்ளிக் கட்டடங்களிலும் சத்திரங்களிலும் அறுவைகள் செய்யப்பட்டன. நோய்த்தொற்றின் இடரைக் கருதிப் பின்னாளில் இம்முறை கைவிடப்பட்டது. முகாமில் சோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரை மருத்துவமனைக்கே பேருந்தில் அழைத்து வரும் முறை நிலைபெற்றது.

இரண்டாவது, மறுவாழ்வுப் பணி. 1965-இல் நியூயார்க்கில் சர் ஜான் வில்சனை அவர் சந்தித்தார். வில்சன் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். காமன்வெல்த் நாடுகளின் பார்வையற்றோர்க்கான அரச சங்கத்தை நிறுவியவர். அச்சந்திப்பை அடுத்து, 1966-இல் மதுரையில் பார்வையற்றோர் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. மருத்துவத்தால் பார்வையை மீட்க இயலாதவர்க்கும் மருத்துவர் கடமைப்பட்டவர் என்பதே இதன் உட்கருத்து.

மூன்றாவது, குழந்தைகளின் ஊட்டச்சத்துப் பணி. உயிர்ச்சத்து 'ஏ' குறைபாட்டால் மாலைக்கண் தோன்றி, கருவிழி வறண்டு, இறுதியில் உருகிப் பார்வை முற்றிலும் அழியும். இந்நிலையில் வரும் குழந்தைக்கு அறுவை மருத்துவரால் செய்யக் கூடியது சிறிதே. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உயிர்வேதியியல் அறிஞர் அந்துவானெட் பிரி அம்மையாருடன் இணைந்து வெங்கடசாமி மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்தினார். குழந்தையுடன் தாயும் அம்மையத்தில் தங்கி, எளிதிற் கிடைக்கும் கீரைகளையும் காய்களையும் சமைத்து ஊட்டக் கற்றுக்கொண்டார். இப்பணி பற்றிய கட்டுரை 1976-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. விலையுயர்ந்த மருந்தினும் வீட்டுக் கொல்லையில் வளரும் கீரை ஒரு குழந்தையின் கண்ணைக் காக்கும் என்பதை அறிவியல் முறையில் நிறுவ முயன்ற பணி இது.

நான்காவது, 1973-இல் தொடங்கிய கண் மருத்துவ உதவியாளர் பயிற்சி. மருத்துவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை இது மாற்றியது. அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

அரவிந்த் கண் மருத்துவமனையின் தோற்றம்

1976-ஆம் ஆண்டு வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே கோவெல் அறக்கட்டளையை நிறுவி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர்பால் அவர் கொண்ட பற்றே மருத்துவமனையின் பெயராயிற்று.

வங்கிகள் கடன் தரத் தயங்கின. வீட்டை அடகு வைத்தும் குடும்பத்தாரின் நகைகளை ஈடு வைத்தும் பணம் திரட்டப்பட்டது. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு உடன்பிறந்தார் குடும்பங்களே துணைநின்றன. தங்கை டாக்டர் கோ. நாச்சியாரும் அவர்தம் கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாக உடன் உழைத்தனர். தம்பி கோ. சீனிவாசன் கட்டடப் பணியையும் நிதியையும் கவனித்துக்கொண்டார். குடும்பம் என்னும் தமிழ்ச் சமூக அமைப்பு ஒரு பொது நிறுவனத்தின் முதுகெலும்பாக அமைந்ததற்கு இஃது அரியதோர் எடுத்துக்காட்டாகும். பின்னர் தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் எழுந்தன.

ஈகையும் மானமும்

திருக்குறளில் 'ஈகை' என்னும் அதிகாரமும் உண்டு. 'இரவச்சம்' என்னும் அதிகாரமும் உண்டு. கொடுப்பது அறம், ஆயின் கேட்டு நிற்பது இழிவு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சிக்கலை அறநிலையங்கள் பெரும்பாலும் கருதுவதில்லை. ஏழ்மைக்குச் சான்று கொண்டு வருமாறு கேட்பதே ஒருவனை இரப்போனாக்கிவிடுகின்றது.

அரவிந்த் மருத்துவமனையில் வருவாய்ச் சான்று கேட்கப்படுவதில்லை. கட்டணப் பிரிவிற்குச் செல்வதா, இலவசப் பிரிவிற்குச் செல்வதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். இரு பிரிவிலும் அதே மருத்துவர்கள் முறை மாற்றிப் பணியாற்றுகின்றனர். வேறுபாடு தங்குமிட வசதியில் உள்ளது. கட்டணப் பிரிவில் கட்டிலும் தனியறையும் கிடைக்கும். இலவசப் பிரிவில் பலர் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பர். கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாயும், முகாம் நோயாளர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகையும் செலவை ஈடுசெய்கின்றன. அன்றாட நடைமுறைச் செலவிற்கு நன்கொடையை நம்பியிராத நிலையை மருத்துவமனை இவ்வாறு எய்தியது.

பாயும் கட்டிலும் வேறுபாடுதானே என வினவலாம். வினா நியாயமானதே. தொடக்கக் காலத்தில் வேறுபாடு தங்குமிடத்தோடு நிற்கவுமில்லை என்பதை அடுத்துக் காண்போம்.

பணிமுறை

ஒரே தரத்தில் பல்லாயிரக்கணக்கானோர்க்குத் தொண்டாற்றுவது எவ்வாறு என்று சிந்தித்த வெங்கடசாமி, மெக்டொனால்டு உணவகங்களை எடுத்துக்காட்டாகக் கூறுவார். எந்த ஊரிலும் ஒரே முறை, ஒரே பயிற்சி, ஒரே தரம் என்னும் அதன் ஒழுங்கே அவரைக் கவர்ந்தது.

அறுவை அரங்கில் ஒரு மருத்துவர்க்கு இரு மேசைகள் அமைக்கப்படும். ஒரு மேசையில் அறுவை நடைபெறும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்படுவார். ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்பிப் பணியைத் தொடர்வார். பார்வை அளவிடுதல், கண் அழுத்தம் பார்த்தல், விழிவில்லையின் அளவைக் கணித்தல், நோயாளிக்கு விளக்கிக் கூறுதல் ஆகிய பணிகளைப் பயிற்சி பெற்ற செவிலியரே மேற்கொள்வர். நோயறிந்து முடிவு செய்தலும் அறுவையும் மட்டுமே மருத்துவரின் பொறுப்பு. இதனால் இங்குள்ள அறுவை மருத்துவர் ஒருவர் ஆண்டிற்கு இரண்டாயிரம் அளவில் அறுவைகள் செய்ய முடிகின்றது.

இப்பணியாளர்கள் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்த இளம்பெண்கள். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் பணியேற்கின்றனர். சிற்றூர்ப் பெண்ணுக்கு ஒரு தொழிலும் வருவாயும் சமூக மதிப்பும் கிடைத்தது இம்முறையின் நற்பயன். அதே வேளையில், இம்மாபெரும் அமைப்பின் சிக்கனம் பெருமளவு அப்பெண்களின் உழைப்பின்மீது நிற்கின்றது என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது. இந்நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர்களுக்கும் உரிய இடம் அளித்தல் வேண்டும்.

விழிவில்லையும் விலையும்

கண்புரை என்பது விழியினுள் இருக்கும் இயற்கை வில்லை ஒளி ஊடுருவாதவாறு மங்கிப் போதலாகும். பழைய அறுவை முறையில் அவ்வில்லை முழுவதும் அகற்றப்பட்டது. அதனிடத்தில் எதுவும் வைக்கப்படாமையால் நோயாளி வாழ்நாள் முழுவதும் தடித்த மூக்குக் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவரே.

இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் 1949-ஆம் ஆண்டில் செயற்கை வில்லையைக் கண்ணினுள் முதன்முதலாகப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தைத்த நெகிழித் துணுக்குகள் அழற்சி உண்டாக்காமையைக் கண்டு அவர் கொண்ட கருத்து அது. 1980-களில் இம்முறை உலகெங்கும் பரவியது. ஆயின் வில்லை ஒன்றின் விலை நூறு அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. எனவே, பணம் உள்ளவர்க்குக் கண்ணினுள் வில்லை, இல்லாதவர்க்குத் தடித்த கண்ணாடி என்னும் இருவேறு நிலை உருவாயிற்று. ஒரே மருத்துவர், ஒரே அரங்கு. ஆயினும் பார்வை ஒன்றன்று.

இதற்கு மாற்றாக 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்னும் உற்பத்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. சேவா அறக்கட்டளையும் அதனைச் சார்ந்த டேவிட் கிரீனும் தொழில்நுட்பம் கிடைக்க உதவினர். வில்லையின் விலை பத்து டாலர் அளவிற்கும், பின்னர் அதனினும் கீழாகவும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இவ்வில்லைகள் செல்கின்றன. தையலின்றிச் சிறு துளை வழியே செய்யப்படும் சிக்கனமான அறுவை முறையும் இதனுடன் சேர்ந்தபோது, இலவசப் பிரிவின் நோயாளிக்கும் செயற்கை வில்லை கிடைத்தது. அறநோக்கம் ஒன்றே போதாது, அதற்கு உரிய தொழில்நுட்பமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எண்ணிக்கை மிகுந்தால் தரம் குறையும் என்பார் கூற்றிற்கு இம்மருத்துவமனையின் பதிவேடுகளே விடையளிக்கின்றன. அறுவைக்குப் பின் கண்ணினுள் தோன்றும் கொடிய நோய்த்தொற்றைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஏறத்தாழ ஆறு இலட்சம் அறுவைகளை ஆராய்ந்தது. அறுவையின் முடிவில் மாக்சிபிளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணினுள் செலுத்தியதன் பின்னர், தொற்று விகிதம் 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது என அது நிறுவியது. பேரளவில் பணி நடைபெற்றதனாலேயே இத்தகைய அரிய உண்மையைக் கண்டறிய முடிந்தது என்பது நோக்கத்தக்கது.

வராதவர்கள்

சிகிச்சை இலவசம்; முகாமோ ஊருக்கே வருகின்றது. அவ்வாறாயின் எல்லோரும் வந்திருத்தல் வேண்டும். உண்மை வேறாக இருந்தது. 1999-இல் வெளிவந்த கள ஆய்வு ஒன்று, கண் குறையுடைய சிற்றூர் மக்களுள் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டினரே முகாமிற்கு வந்தனர் எனக் காட்டியது. ஊரில் முகாம் நடந்தும் தொண்ணூற்று மூவர் வரவில்லை.

ஏன் வரவில்லை? அறுவை பற்றிய அச்சம், உடன் வர ஆளின்மை, ஒரு நாள் கூலியை இழத்தல், 'இந்த வயதில் இனிப் பார்த்து என்ன ஆகப் போகிறது' என்னும் மனநிலை ஆகியன காரணங்கள். இலவசம் என்ற சொல்லின் பின்னே பேருந்துக் கட்டணம், உணவு, உடன் வருபவரின் கூலி இழப்பு ஆகிய செலவுகள் மறைந்திருந்தன. 1991-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதனையே உணர்த்தியது. உணவு, போக்குவரத்து உட்பட முழுச் செலவையும் ஏற்றபோதும், அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகச் சென்று பேசியபோதும் மக்கள் மிகுதியாக முன்வந்தனர் என்பது அதன் முடிவு. சுவரொட்டியோ ஒலிபெருக்கியோ செய்யாததைப் பார்வை மீண்ட அண்டை வீட்டார் ஒருவரின் சொல் செய்தது.

ஏழு விழுக்காடு என்னும் எண் அந்நிறுவனத்திற்குப் பெருமை சேர்ப்பதன்று. எனினும் அவ்வெண்ணை மறைக்காது, அதனின்று பாடம் கற்றதே அதன் சிறப்பு. 2004 முதல் சிற்றூர்களில் நிலையான கண் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைச் சோதிப்பார். மருத்துவர் நகரிலிருந்து கணினி வழியாகக் கண்டு அறிவுரை கூறுவார். ஆண்டிற்கு ஒருமுறை வந்து போகும் முகாமிற்கு மாற்றாக, என்றும் திறந்திருக்கும் ஓர் இடம் கிடைத்தது. இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல் இயங்குகின்றன.

வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள் மதுரையில் மறைந்தார். அவர் மறைவிற்குப் பின் நிறுவனம் தளரவில்லை. 2008-இல் கேட்ஸ் உலக நல்வாழ்வு விருதும், 2010-இல் கான்ராட் ஹில்டன் மனிதநேய விருதும் அதற்குக் கிடைத்தன. தலைவர் ஒருவரின் ஈர்ப்பால் மட்டுமே வாழும் அமைப்புகள் அவருடன் மறைவது நம்மிடையே இயல்பு. இவ்வமைப்பு அவ்வாறு ஆகாமைக்கு, தனிமனித ஆற்றலை நடைமுறையாக மாற்றி வைத்ததே காரணமாகும்.

மலேசியத் தமிழர்க்கு இதன் பொருத்தம்

மலேசியாவின் நிலை தமிழகத்தின் நிலையன்று. 1996-ஆம் ஆண்டுத் தேசியக் கண் ஆய்வின்படி நாட்டில் பார்வையின்மை 0.29 விழுக்காடு. அதற்கு முதற்காரணம் கண்புரையே. அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கின்றது. எனவே மதுரை முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் தேவையில்லை.

ஆயினும் 'வராதவர்கள்' என்னும் சிக்கல் இங்கும் உண்டு. செபராங் பிறையின் தென்பகுதியை எடுத்துக்கொள்வோம். சுங்கை பாக்காப், நிபோங் திபால் வட்டாரங்களில் தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டக் காலந்தொட்டு வாழ்கின்றனர். கரும்பின் பின் இரப்பரும், அதன் பின் செம்பனையும் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் இளையோர் வேலை தேடிப் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பல வீடுகளில் முதியோரே எஞ்சினர். சுங்கை பாக்காப்பில் அரசு மருத்துவமனை உண்டு. கடல் கடந்தால் பினாங்கு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுகளும் உண்டு. எனினும் முதியவர் ஒருவரைக் கண் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேலைநாளில் விடுப்பு எடுத்து ஒருவர் வரவேண்டும். தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கப்படுவதன்று.

இதனினும் கவலைக்குரியது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இந்திய வம்சாவளியினரிடையே இவ்விகிதம் உயர்ந்தே காணப்படுகின்றது. நீரிழிவு விழித்திரையின் நுண்குருதிக் குழாய்களைச் சிதைக்கும். இதில் வலி இல்லை. தொடக்கத்தில் பார்வை மங்குவதும் இல்லை. புரையால் இழந்த பார்வையை அறுவையால் மீட்கலாம். விழித்திரை பழுதுற்று இழந்த பார்வையை முழுமையாக மீட்டல் அரிது. ஆதலின் நீரிழிவு உடையோர் குறையேதும் உணராத போதே ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனை செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.

இங்கே மொழியின் பங்கு வெளிப்படுகின்றது. நம் பேச்சு வழக்கில் கண் மங்கிய எவரையும் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' எனக் கூறுவர். பூ என்பது கருவிழியின் மேற்பரப்பில் தோன்றும் வெண்தழும்பு. புரை என்பது உள்ளிருக்கும் வில்லையின் மங்கல். விழித்திரை நோயோ கண்ணின் பின்புறச் சுவரில் நிகழ்வது. வெளியிலிருந்து காண இயலாதது. மூன்றிற்கும் மருத்துவம் வேறு வேறு. ஒரே சொல்லால் மூன்றையும் குறிப்பவர், மூன்றிற்கும் ஒரே முடிவைத்தான் எதிர்பார்ப்பார். மருத்துவரிடம் மலாயில் கேட்டறிந்ததைத் தாய்க்குத் தமிழில் சொல்ல முற்படும் மகனுக்கும் மகளுக்கும் இச்சொற்கள் தெரிந்திருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, கலைச்சொற்களையும் உருவாக்கினார். அயல்நாட்டவர் ஒருவர் அன்று செய்த பணியை நாம் இன்று வகுப்பறையளவிலேனும் தொடரலாம். கண்புரை, கருவிழி, விழித்திரை, கண் அழுத்தம் ஆகிய சொற்களை ஒரு கருத்துணர்தல் பகுதியிலோ கட்டுரைத் தலைப்பிலோ அறிமுகம் செய்வது ஆசிரியர்க்குக் கடினமன்று. மாணவர் அதனை வீட்டில் பாட்டியிடம் சொல்வர். மேற்கூறிய ஆய்வு காட்டியவாறு, அறிமுகமான ஒருவரின் வாய்ச்சொல்லே முதியவரை எழுந்து நடக்கச் செய்கின்றது.

முடிவுரை

டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்விலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, குறையை மறைக்காது அதனை அறிந்து செயல்முறையை மாற்றுதல். கோணிய விரல்களிலும் ஏழு விழுக்காட்டு எண்ணிலும் நாம் காண்பது இதுவே. இரண்டாவது, பெறுவோனின் மானத்தைக் காத்து உதவுதல். மூன்றாவது, வாயிலைத் திறந்து வைத்ததோடு அமையாது, வராதவன் ஏன் வரவில்லை என வினவுதல்.

இம்மூன்றும் மருத்துவர்க்கு மட்டும் உரியன அல்ல. தமிழ்ப்பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றியும், வந்தும் பின்தங்கிய பிள்ளையைப் பற்றியும் சிந்திக்கும் ஆசிரியர்க்கும் இவை பொருந்துவன. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் மாணவனை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், ஆசிரியரே.